காலாவதியான ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கவா?

கேள்வி: எங்கள் வீட்டு விண்டோஸ் 11 கம்ப்யூட்டரோடு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்துவிட்டது. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று தினமும் பயமுறுத்துகிறது. பணம் கட்டிப் புதுப்பிக்கவா, இல்லை இலவசமாக இன்னொன்றையும் கூடவே போட்டுக்கொள்ளவா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்தக் காலாவதியான சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை ஒதுங்கியிருக்கும், அது போனதும் தானாக இயங்கத் தொடங்கிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்' ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் பிரபலமான ஆன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன, விளம்பரத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். டிஃபெண்டர் அங்கே காசு வாங்கும் பலவற்றோடு சரிசமமாக நிற்பது தெரியும்.

இரண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் ஓடினால் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் பிடித்துச் சோதிக்கும், கம்ப்யூட்டர் திணறும், சில சமயம் ஒன்றையொன்று வைரஸ் என்றே நினைத்து முடக்கப் பார்க்கும். இலவசம் என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் பயனர்களின் இணையப் பழக்கத் தகவல்களை விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. பாதுகாப்புக்காகப் போட்ட சாஃப்ட்வேரே நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று விற்பது பெரிய துரோகம், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைகளின் மொபைலையும் சேர்த்துக் கண்காணிக்க வேண்டும், பாஸ்வேர்டு மேனேஜர், இணைய இணைப்பை மறைத்துப் பாதுகாக்கும் விபிஎன் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் மட்டும் காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்புறம், போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் தனி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, எடுத்ததும் கேபிளைக் கழற்றி வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இணைப்பில் இருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

கேள்வி: பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. நல்ல ஆன்டிவைரஸ் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: ரொம்ப நாளைக்கு முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன, விண்டோஸிலேயே இருக்கும் ஓட்டையை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது, போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுப் பாருங்கள், பிரவுசிங்குக்கும் எழுத்து வேலைக்கும் தாராளமாகப் போதும். அதுவரை அதில் பேங்க் வேலை எதையும் செய்யாதீர்கள்.