அப்பா குடித்தால் பிள்ளையும் குடிகாரன் ஆவானா?

அப்பா, தாத்தா இரண்டு பேருமே குடியால் போனவர்கள், எனக்கும் அதுதான் எழுதியிருக்கிறதா, இது மரபணுவா வளர்ந்த சூழலா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன்தான். அப்பா கதவைத் திறக்கும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன், எட்டு வயதில்.

இரட்டையர் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் குடிநோயில் ஏறக்குறைய பாதி மரபணு சார்ந்தது என்று வருகிறது. இதை "எனக்கு 50% வாய்ப்பு" என்று படித்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு அது, உங்கள் ஒருவருடைய தலையெழுத்து இல்லை. குடிக்க வைக்கும் மரபணு என்று தனியாக ஒன்றும் கிடையாது. மதுவை உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது போன்ற விஷயங்கள்தான் வழிவழியாக வருகின்றன.

கிழக்காசியாவில் நிறையப் பேருக்கு, மது உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சைக் கரைக்கும் நொதி சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும், அதனால் அவர்கள் குடிநோயில் விழுவது குறைவு. ஆனால் ஜப்பானில் குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்களில் அந்த நொதியை முடக்கும் மரபணு மாற்றத்தின் ஒரு பிரதி உள்ளவர்கள் 1979இல் 2.5%, 1992இல் 13%. பதின்மூன்று வருடத்தில் மரபணுவா மாறியிருக்கும்? வேலை முடிந்ததும் சேர்ந்து குடித்தே ஆக வேண்டும் என்ற சூழல் அந்தப் பாதுகாப்பையும் தாண்டிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அப்புறம், உங்களுக்கு முக்கியமானது இதுதான். கல்லூரியில் மற்றவர்கள் இரண்டாவது ரவுண்டிலேயே உளறும்போது நான் நாலு முடித்துவிட்டு நேராக நடந்து போவேன், "உனக்கு நல்ல கெப்பாசிட்டிடா" என்று தோளில் தட்டுவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். மார்க் ஷுக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குடிநோயாளிகளின் மகன்களுக்கு இருபது வயதுவாக்கில் அளவாக மது கொடுத்துச் சோதித்து, அதே ஆட்களைப் பல வருடம் கழித்தும் போய்ப் பார்த்தார். அன்றைக்குப் போதை குறைவாக ஏறியவர்கள்தான் பின்னாளில் அதிகமாக மாட்டியிருந்தார்கள். "போதும்" என்று உடம்பு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாது, அவ்வளவுதான் விஷயம். இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பத்தொன்று, காலையில் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம், அந்த வயதை நீங்கள் தாண்டிவிட்டிருந்தால் நல்லது. இதுவரை தொடவில்லை என்றால் தொட வேண்டாம். ஏற்கெனவே தினமும் குடிப்பவராக இருந்தால் மட்டும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம், மருத்துவரிடம் போய் அப்பா, தாத்தா கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் அப்படித்தான் போனேன், இப்போது ஆறு வருடம் ஆகிறது.