மறு: ஒன்பது வயதுக்காரன் "இது பாப்பா புக்கு" என்று எழுந்துபோகிறான்

ஒன்பது வயது மகனுக்கும் நாலு வயது மகளுக்கும் சேர்த்துப் படப்புத்தகம் வாசித்தால் பெரியவன் எழுந்துபோகிறான் என்று கேட்டிருந்தீர்கள். எழுத்தை வாசித்து முடிந்ததும் பக்கத்தைத் திருப்பாதீர்கள். மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) படப்புத்தகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்து, உங்கள் பெரியவனுக்குச் சலித்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். பாதிக் கதை படத்தில் இருக்கிறது.

இன்று இரவு அவனையே தேடச் சொல்லுங்கள்:

1. கதையின் நாயகச் சிறுவன் மாக்ஸ் நாயைத் துரத்தும் பக்கத்தில், சுவரில் ஒரு பூதப் படம். வரைந்தது மாக்ஸேதான், பெயரும் போட்டிருக்கிறான்.

2. படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம். அறை காடாக மாற மாற அது குறைந்துகொண்டே வரும்.

3. ஜன்னல் நிலா. முதலில் பிறை, கடைசியில் முழுநிலா. ஆனால் மாக்ஸ் பூதங்களிடம் போய்த் திரும்பும்போது அவன் அறையில் காத்திருக்கும் சாப்பாடு மட்டும் இன்னும் சூடாக இருக்கிறது! அப்படியானால் எத்தனை நாள் போனது? இதற்குத் தாத்தாகூட வாதாட வருவார்.

பூதங்கள் ஆட்டம் போடும் மூன்று விரிபக்கங்களில் (எதிரெதிர் இரு பக்கமும் சேர்ந்த ஒரே படம்) ஒரு சொல்லும் கிடையாது. அங்கே விளக்கம் சொல்லாமல் சும்மா இருங்கள், சின்னவள் பார்த்து முடிக்கட்டும்.

கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினால் விரிபக்கம் இரண்டாக வெட்டுப்படும், ஓரம் சுருங்குவதும் தெரியாது. அச்சுப் புத்தகமே வேண்டும். நாலு வயதுக்காரி பூதத்தின் பல்லைப் பார்த்துப் பயந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள், கொஞ்ச மாதம் தள்ளிப்போடலாம்.