நெற்றியில் வலியா? அளவை மாற்றாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்

கேள்வி: அண்மையில்தான் சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் ஓட்ட 2பி உரிமம் பெற்றேன். ஈசூனிலிருந்து துவாசுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். தலையின் சுற்றளவை அளந்தபோது 59 செ.மீ. வந்தது. அதை வைத்து இணையத்தில் எல் அளவில் ஒரு முழுமுகத் தலைக்கவசம் வாங்கினேன். கால் மணி நேரம் ஓட்டினாலே நெற்றியின் நடுவில் வலிக்கிறது, கழற்றிப் பார்த்தால் சிவப்பாகத் தடம் விழுந்திருக்கிறது. ஆனால் காதுக்கு மேலே இரு பக்கமும் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்கிறார் ஒரு நண்பர். "எக்ஸ்எல் வாங்கிவிடு" என்கிறார் இன்னொருவர். இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நான் மூக்குக்கண்ணாடி அணிபவன். பின்னால் உட்கார்ந்து வரும் தங்கைக்கும் ஒன்று வாங்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் வாங்கிப் பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. எம் அளவு போதுமா?

பதில்: சனிக்கிழமைக்குள் இதைப் படித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் முதலிலேயே சொல்கிறேன்: எக்ஸ்எல் வாங்காதீர்கள். அதைப் போட்டதும் நெற்றி வலி போய்விடும், உண்மைதான். அதுதான் அதிலுள்ள ஆபத்து. வலி நின்றதும் பொருந்திவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். காதுக்கு மேலே இருக்கும் இடைவெளியோ இன்னும் அகலமாகும். விரைவுச்சாலையில் தலையைத் திருப்பிப் பக்கத்துத் தடத்தைப் பார்க்கும்போது கவசம் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். கீழே விழ நேர்ந்தால் அது தலையிலேயே இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தி 2001இல் வெளியிட்ட கோஸ்ட் 327 என்ற விபத்து ஆய்வில், ஏறத்தாழ 12 விழுக்காட்டு ஓட்டுநர்களின் தலைக்கவசம் விபத்தின்போது கழன்றுபோயிருந்தது. வாரைச் சரியாகக் கட்டாததும் அளவு பொருந்தாததும் கவசம் கழல்வதற்கு முக்கியமான காரணங்கள். அணிந்திருந்தும் பயனில்லாமல் போவதைவிடக் கொடுமையானது வேறில்லை.

உங்கள் பிரச்சினைக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கவசம் சிறியதாக இருந்தால் சுற்றிலும் இறுக்கும். பெரியதாக இருந்தால் சுற்றிலும் தளர்ந்திருக்கும். முன்னால் இறுகிப் பக்கங்களில் தளர்ந்தால் கோளாறு அளவில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. நீள்வட்ட மூடியை வட்டக் கிண்ணத்துக்குள் வைத்தால் இரு முனையும் இடிக்கும், இரு பக்கமும் திறந்து கிடக்கும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான். உங்கள் தலை முன்னிருந்து பின்னாக நீண்டது. நீங்கள் வாங்கிய கவசத்தின் உள்வடிவம் உங்கள் தலைக்கு அதிகமாக உருண்டையானது.

59 செ.மீ. என்பது வெறும் சுற்றளவு. ஒரே சுற்றளவு கொண்ட இருவரில் ஒருவருக்குத் தலை உருண்டையாக இருக்கும், மற்றவருக்கு நீண்டு ஒடுங்கியிருக்கும். டேப் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அதனால்தான் கவசத் தயாரிப்பாளர்கள் உள்வடிவத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உருண்டை, நடுத்தர நீள்வட்டம், நீள்வட்டம். ஜப்பானின் அராய் போன்ற நிறுவனங்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனி மாடல்களையே செய்திருக்கின்றன.

இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டும். சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு இது முக்கியமானது, கடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதுமில்லை. இங்கே விற்கும் பல கவசங்கள் 'ஆசியப் பொருத்தம்' என்ற வகையைச் சேர்ந்தவை. அந்தப் பெயரில் உள்ள ஆசியா பெரும்பாலும் கிழக்காசியா. சீனர்களின் தலையையும் மேலைநாட்டவரின் தலையையும் முப்பரிமாணத்தில் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, சீனர்களின் தலை பொதுவாகக் கூடுதல் உருண்டையாகவும், நெற்றியும் பின்தலையும் சற்றுத் தட்டையாகவும் இருப்பதைக் கண்டது. அந்த வடிவத்துக்கு ஏற்ற கவசம் செய்வது நியாயமானதே. ஆனால் நாமும் ஆசியர்தானே என்று எண்ணி அதை எடுக்கிற தமிழ் இளைஞர்கள் பலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். தமிழர் எல்லாருக்கும் நீண்ட தலை என்று நான் சொல்லவில்லை. உருண்டைத் தலையுள்ள தமிழரும் உண்டு, நீண்ட தலையுள்ள சீனரும் உண்டு. பெயரை நம்பி வாங்காதீர்கள் என்பதே நான் சொல்வது.

உங்கள் தலையின் வடிவத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. முடியை நனைத்துப் படிய வாரிக்கொண்டு, உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நெற்றியிலிருந்து பின்தலை வரையுள்ள நீளம், காதுக்குக் காது உள்ள அகலத்தைவிட எவ்வளவு அதிகம் என்பது அதில் தெரிந்துவிடும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். விற்பனையாளரிடம் "எல் வேண்டும்" என்று தொடங்காமல், "நெற்றியில் இடிக்கிறது, பக்கத்தில் தளர்கிறது, நீள்வட்ட உள்வடிவம் எதில் இருக்கிறது?" என்று கேளுங்கள். உபி, காக்கி புக்கிட், ஜாலான் புசார் பக்கமுள்ள கடைகளில் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இப்படிக் கேட்டால் வேறு அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

தளர்ந்துவிடும் என்று சொன்ன நண்பரைப் பற்றி. அவர் சொன்னது கன்னத்துக்குப் பொருந்தும், நெற்றிக்குப் பொருந்தாது. கவசத்தின் உள்ளே இரண்டு அடுக்குகள் உண்டு. தோலைத் தொடுவது துணி போர்த்திய மென்பஞ்சு. அதற்குப் பின்னால் ஸ்டைரோஃபோம் வகையைச் சேர்ந்த கெட்டி நுரை. உயிரைக் காப்பது இந்த இரண்டாவது அடுக்குதான். அடி விழும்போது அது நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தை நீட்டிக்கிறது. மூளைக்குப் போகும் அதிர்ச்சி அதனால் குறைகிறது. கன்னப் பகுதியில் மென்பஞ்சு தடிமனாக இருப்பதால் சில வாரங்களில் அமுங்கிக் கொடுக்கும். ஆகவே புதுக் கவசத்தில் கன்னம் உள்ளே தள்ளப்பட்டு, பேசும்போது உட்கன்னம் பல்லில் பட்டாலும் கவலை வேண்டாம். நெற்றியிலோ மென்பஞ்சு மெல்லியது, உடனே கெட்டி நுரை வந்துவிடுகிறது. உங்களுக்கு வலி தருவது அந்த நுரை. அது தளராது, தளரவும் கூடாது.

சிலர் அந்த இடத்தில் கரண்டியால் அழுத்திக் குழி செய்கிறார்கள், கத்தியால் சீவுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. நெற்றிக்கு நேராக இருக்கும் பாதுகாப்பை நம் கையாலேயே அழிப்பதாகும் அது.

"தரச்சான்று பெற்ற கவசம்தானே, கொஞ்சம் தளர்ந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. சான்று எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய இசிஇ 22 தரத்தின் சோதனைகளில் 50, 54, 57, 60, 62 செ.மீ. சுற்றளவு கொண்ட போலித் தலைகளைப் பயன்படுத்துகிறார்கள். கவசத்தின் அளவுக்கு ஏற்ற போலித் தலையில் மாட்டித்தான் பட்டடை மீது விழச் செய்கிறார்கள். புதிய 22.06 பதிப்பில் சாய்வான தளத்தில் மோதும்போது தலை எவ்வளவு சுழல்கிறது என்பதையும் அளக்கிறார்கள். ஆனால் அந்தப் போலித் தலைகளில் உங்கள் தலையின் வடிவம் இல்லை. கவசம் தலையோடு ஒட்டி நிற்கும்போதுதான் அந்தச் சான்றுக்கு முழுப் பொருள். ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

கடையில் எப்படிப் பார்ப்பது? டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து, காதுக்கு மேலாக, பின்தலையின் துருத்திய இடத்தைச் சுற்றி மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். பல நிறுவனங்களில் எல் என்பது 59-60 செ.மீ. சிலவற்றில் மாறும் என்பதால் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். இரு அளவுகளுக்கு நடுவில் நின்றால் முதலில் சிறியதைப் போட்டுப் பாருங்கள்.

வார்கள் இரண்டையும் பிடித்து அகல விரித்து, முன்பக்கத்திலிருந்து தலையில் இறக்குங்கள். சற்றுச் சிரமப்பட்டே இறங்க வேண்டும். எளிதாக இறங்குவது நல்ல அறிகுறியல்ல. கவசத்தை இரு கையாலும் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். தலையை அசைக்காமல் வைத்திருந்தால் நெற்றித் தோலும் கன்னத் தோலும் கவசத்தோடு சேர்ந்து இழுபட வேண்டும். தோல் நின்ற இடத்திலேயே நிற்க, கவசம் மட்டும் வழுக்கினால் கழற்றி வைத்துவிடுங்கள். நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவே விரல் நுழையக் கூடாது. காதுக்கு மேலேயும் அப்படித்தான்.

அடுத்தது, பலரும் செய்யாமல் விட்டுவிடுகிற சோதனை. வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டுங்கள். குனிந்து நில்லுங்கள். உடன் வந்தவரிடம், கவசத்தின் பின்பக்கக் கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கி முன்னோக்கி உருட்டச் சொல்லுங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு உருண்டு வந்தால் அது உங்களுக்கு உரியதல்ல. ஆய்வகத்திலும் இதே சோதனை உண்டு. அரை மீட்டர் உயரத்திலிருந்து 10 கிலோ எடையை விழவிட்டுப் பின்விளிம்பை இழுக்கிறார்கள், கவசம் 30 பாகைக்கு மேல் சுழலக் கூடாது. விலையுயர்ந்த கவசம் கூட வடிவம் பொருந்தாத தலையில் இந்தச் சோதனையில் தோற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

எல்லாம் சரியாகப்பட்டாலும் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். வாரைக் கட்டியபடியே இருபது நிமிடம் கடையிலேயே இருங்கள். வெட்கப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் தடுக்க மாட்டார். தடுத்தால் வேறு கடைக்குப் போங்கள். ஈசூனிலிருந்து துவாஸ் வரை நீங்கள் போகும் தூரத்துக்குக் கவசம் அரை மணி நேரத்துக்கு மேல் தலையில் இருக்கப்போகிறது. இருபது நிமிடம் கழித்துக் கழற்றும்போது கன்னத்தில் தடம் இருந்தால் பரவாயில்லை. நெற்றியிலோ கண்ணுக்குப் பக்கத்திலுள்ள பொட்டிலோ நாணயம் அளவில் சிவந்திருந்தால் வேண்டாம்.

மூக்குக்கண்ணாடியையும் கொண்டுபோங்கள். கவசத்தைப் போட்ட பிறகு கண்ணாடியின் கால்களை உள்ளே செருகிப் பாருங்கள். வளைந்த கால்களைவிட நேரான, மெல்லிய கால்கள் எளிதாக நுழையும். சில மாடல்களில் கன்னப் பஞ்சில் அதற்கென்றே பள்ளம் விட்டிருப்பார்கள். கால்கள் பொட்டை அழுத்துகின்றன என்பதற்காகக் கவசத்தின் அளவைக் கூட்டாதீர்கள். கன்னப் பஞ்சை வேறு தடிமனில் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், பல மாடல்களில் முடியும். நம் ஊர் மழையில் வைசருக்குள், அதாவது கவசத்தின் முன்கண்ணாடிக்குள், ஆவி படிந்து, மூக்குக்கண்ணாடியும் மங்கிவிட்டால் சாலையே தெரியாது. ஆவி படியாமலிருக்க வைசருக்குள் பொருத்தும் பின்லாக் தகட்டுக்கு இடமுள்ள மாடலாகப் பாருங்கள். இரவு வேலை உண்டென்றால் நிறமில்லாத வைசர்தான்.

சிங்கப்பூரில் அங்கீகரிக்கப்பட்ட தலைக்கவசத்தைத்தான் அணிய வேண்டும். பி.எஸ்.பி. ஒட்டி (ஸ்டிக்கர்) என்று நாம் சொல்லும் அங்கீகார ஒட்டி கவசத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுத் தளங்களில் மலிவாகக் கிடைப்பவற்றில் அது இருக்காது. இசிஇ முத்திரை இருந்தாலும் இங்கே அந்த ஒட்டிக்கு அது மாற்றாகாது. ஒருவர் பயன்படுத்திய கவசத்தை வாங்க வேண்டாம். அது எத்தனை முறை தரையில் விழுந்தது என்பதை வெளி ஓடு சொல்லாது.

இப்போது வைத்திருக்கும் கவசத்தை என்ன செய்வது? அடிபடாமல் புதிதாகவே இருந்தால், உங்கள் நண்பர்களில் உருண்டைத் தலை உள்ள யாராவது மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்க்கட்டும். பொருந்தினால் அவருக்குக் கொடுங்கள்.

புதியது வந்த பிறகு, அதை மோட்டார் சைக்கிளின் பக்கக் கண்ணாடி மேல் மாட்டி வைக்காதீர்கள். முனை உள்ளே குத்தி நுரையைக் குழியாக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியிலேயே விட்டுவிட்டு வருவதும் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் மெல்லிய உள்தொப்பி அணிந்துகொள்ளுங்கள். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் பஞ்சு சீக்கிரம் கெட்டுத் தளர்ந்துவிடும், இத்தனை பாடுபட்டுப் பார்த்து வாங்கிய பொருத்தமும் அதோடு போகும். பஞ்சைக் கழற்றி மிதமான சோப்பு நீரில் துவைக்கலாம். கவசத்தின் வெளி ஓட்டைத் தின்னர், பெட்ரோல் எதனாலும் துடைக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது பொதுவான பரிந்துரை. பலமாக அடிபட்டால் அன்றே.

தங்கைக்குத் தெரியாமல் வாங்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அவருடைய தலையை அளக்காமல் எம் என்று முடிவு செய்தால் உங்களுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். அண்ணன் ஆசையாக வாங்கியது என்பதால் வலித்தாலும் சொல்ல மாட்டார். அவரையும் சனிக்கிழமை கூட்டிப்போங்கள். வண்டியில் வரும்போது முடியை எப்படி வைப்பாரோ அப்படியே வரட்டும். உச்சியில் கொண்டை போட்டால் கவசம் மேலெழுந்து நிற்கும், வார் தாடையைச் சரியாகப் பிடிக்காது. கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிய ஒற்றைச் சடை வசதியானது. அவருக்கும் முழுமுகக் கவசமே எடுங்கள். பின்னால் இருப்பவர் விழும்போதும் முகவாய் தரையில் படத்தான் செய்யும். மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் அவருக்கும் செய்யுங்கள், இருபது நிமிடம் அணிந்திருப்பது உட்பட. பொருந்துகிற இரண்டு மூன்று மாடல்களை நீங்கள் எடுத்து வைத்தபின், நிறத்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும்.