ஒரு மென்பொருள் கம்பைல் ஆக, அதாவது மூல நிரல் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எல்லாக் கணினிக்கும் பொதுவாகச் சொல்ல முடியுமா?

நிமிடக் கணக்கில் முடியாது. விகிதமாகச் சொல்லலாம், அதுவும் ஓரளவுக்குத்தான்.

லினக்ஸை மூல நிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்ளச் சொல்லித்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்தத் தொகுப்புக்கும் இத்தனை நிமிடம் என்று போட்டிருக்காது. எஸ்பியு (ஸ்டாண்டர்ட் பில்ட் யூனிட்) என்றொரு அலகில்தான் இருக்கும். முதலில் கம்பைல் செய்யும் பைனுடில்ஸ் என்ற கருவித் தொகுப்பு, ஒரே கோரில் (சிபியுவுக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) ஓடி முடிக்க உங்கள் கணினியில் எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதுதான் உங்களுக்கு 1 எஸ்பியு. மற்றதெல்லாம் அதன் மடங்கு. உங்களுக்குப் பைனுடில்ஸ் 2 நிமிடத்தில் முடிந்தால், 12 எஸ்பியு என்று போட்டிருப்பது சுமார் 24 நிமிடம். இன்னொருவருக்கு 50 நொடியில் முடிந்தால் அவருக்கு அதே வேலை 10 நிமிடம். அளவுகோலை அவரவர் கணினியிலேயே செய்துகொள்வதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

சிக்கல் கோர் எண்ணிக்கையில் தொடங்குகிறது. 16 கோர் இருப்பதால் நேரத்தை 16-ஆல் வகுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பைலுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே கோரில்தான் நகரும், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கடைசி லிங்கிங்கும் பல நேரம் அப்படித்தான். மொத்த வேலையில் பத்தில் ஒரு பங்கு இப்படி வரிசையாகவே நடந்தாக வேண்டும் என்றால், பிரிக்க முடியாத பங்குதான் வேகத்துக்கு எல்லை என்று சொல்லும் ஆம்டால் விதிப்படி 4 கோரில் சுமார் 3 மடங்கு வேகம், 16 கோரில் 6.4 மடங்கு. எத்தனை கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. இந்தப் பங்கு தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் என்பதால், ஒரு கோரில் அளந்த விகிதம் 16 கோரில் அப்படியே நிற்காது.

"அப்படியானால் ஒரு வேலைக்கு ஆன நேரத்தை அளக்கும் டைம் கட்டளை காட்டும் யூசர் நேரத்தை எடுத்துக்கொள்ளலாமே, அது சிபியு செய்த மொத்த உழைப்புதானே?" என்று கேட்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹைப்பர்திரெடிங்கில் இரண்டு திரெட் (வேலை இழை) ஒரே கோரைப் பங்கு போடுவதால், அதே வேலைக்கு யூசர் நேரம் ஏறிவிடும். எல்லாக் கோரும் ஓடும்போது கடிகார வேகம் இறங்குவதும் அதில் சேரும். கணினிகளை ஒப்பிட அதை நம்ப மாட்டேன். நோய் கண்டுபிடிக்க மட்டும் நல்லது: ரியல் (கடிகாரத்தில் ஓடிய நேரம்) 3 நிமிடம், யூசர் 20 நிமிடம் என்றால் சராசரியாக ஏறக்குறைய ஏழு கோர் வேலை செய்திருக்கிறது. ஒரே கோரில் ஓட்டியும் யூசர், சிஸ் (இயங்குதளத்தின் கெர்னலுக்குள் போன நேரம்) இரண்டையும் கூட்டினால் ரியலில் பாதிதான் வருகிறதா? சிபியு பாவம், டிஸ்க்குக்காகக் காத்திருந்திருக்கிறது.

நினைவகம் இன்னொரு தொல்லை. பெரிய சி++ கோப்பு ஒன்று மட்டுமே 1 ஜிபிக்கு மேல் ராம் கேட்கும். 8 ஜிபி கணினியில் 16 வேலைகளை ஒன்றாக ஏவிவிட்டால் ராம் போதாமல் டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப்பில் விழும், அதற்குப் பிறகு எந்த விகிதமும் செல்லாது. மெல்லிய லேப்டாப் என்றால் சூடு: முதல் சில நிமிடம் பறக்கும், பிறகு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சின்னத் தொகுப்பை வைத்து அளந்தால் இது கண்ணில் படவே படாது. அதனால் அளவுகோலே சில நிமிடங்கள் ஓடக்கூடியதாக இருப்பது நல்லது.

யாராவது நேரம் சொன்னால் நான் கேட்பது இவ்வளவுதான்: கம்பைலர் எந்தப் பதிப்பு, கம்பைலை நடத்தும் மேக் கட்டளைக்கு -ஜே (ஒரே நேரத்தில் எத்தனை வேலை) எவ்வளவு கொடுத்தீர்கள், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷ் அணைத்திருந்ததா, கட்டியது சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டையும் சேர்த்தா? சிகேஷ் ஓடினால் இரண்டாவது தடவை வரும் எண் பெரும்பாலும் சேமித்ததைத் தேடி எடுத்த நேரம்தான். டெஸ்ட்டை மறந்தால் ஜிசிசி கம்பைலர் போன்றவற்றில் கணக்கு பல மடங்கு தவறும், அதில் கம்பைலைவிட டெஸ்ட்தான் அதிக நேரம் தின்னும்.