ஒன்பதாம் வகுப்பில் இடமில்லை என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடமாக ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். மகள் வீட்டுக்கு அருகில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். பக்கத்தில் இருக்கும் ஒரே அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு நிரம்பிவிட்டது என்கிறார்கள். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா? ஆர்டிஇ-யில் இடம் கிடைக்குமா?

பதில்: ஆர்டிஇ-யில் கிடைக்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தனியார் பள்ளிகளில் 25 சதவீத ஒதுக்கீடும் எல்கேஜி, ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்பில் மட்டும்தான்.

தனியார் பள்ளி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கட்டணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பள்ளியைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. உங்கள் மகள் மூன்று வருடத்தை அரசுப் பள்ளியில் முடித்திருக்கிறாள். இப்போது தனியாருக்கு மாறினால் இரண்டும் கைவிட்டுப் போகும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தால் புதுமைப் பெண் தொகை கிடைக்கும், 7.5 சதவீதம் கிடைக்காது. இது தெரியாமல் பிள்ளையை மாற்றிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் வந்து அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இடம் எப்படி வாங்குவது? முதலில் எந்த வழியில் இடமில்லை என்று கேளுங்கள். பல பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு நிரம்பியதைத்தான் “இடமில்லை” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தமிழ் வழியும் நிரம்பிவிட்டதா என்று தெளிவாகக் கேளுங்கள்.

அப்புறம், வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் சேர்க்கை விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை) அலுவலகம். பெரும்பாலானோர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போய் அலைகிறார்கள். அவர் பார்ப்பது எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளை மட்டும். அங்கும் நடக்காவிட்டால் கிருஷ்ணகிரியில் முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். கல்வி உதவி எண் 14417, முதல்வரின் உதவி மையம் 1100. மனு எண்ணை எங்கும் கேட்டு வாங்குங்கள்.

தாளும் நகலும் வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உயர்நிலைப் பள்ளி தேவையா என்பதைத் தூரத்தை வைத்துப் பார்ப்பதே அரசின் வழக்கம்: ஐந்து கிலோமீட்டருக்குள் ஒன்று இருந்தால் போதும். ஒரு சிற்றூருக்கு அது சரியான கணக்கு. 1970களில் சிப்காட் வந்து, 2019ல் மாநகராட்சியாகி, இன்னும் ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகிவரும் ஓசூருக்கு அது பொருந்தவே பொருந்தாது. நாலைந்து நடுநிலைப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு ஒரே உயர்நிலைப் பள்ளியின் வாசலில் வந்து நின்றாலும், காகிதத்தில் அந்த வட்டாரத்துக்குப் பள்ளி இருக்கிறது. 2021ல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அந்த ஆண்டு எடுக்கப்படாததால், இந்தப் பெருக்கம் கணக்கில் ஏறவில்லை.

ஆசிரியர் பணியிடமோ, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை எண்ணி, 40 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. சேர்ந்த பிள்ளைகளைத்தான் எண்ணுவார்கள். திருப்பி அனுப்பிய பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இடமில்லை என்று சேர்க்காமல் விட்டால் எண்ணிக்கை கூடாது. எண்ணிக்கை கூடாவிட்டால் அடுத்த ஆண்டும் ஆசிரியர் வரமாட்டார், அடுத்த ஆண்டும் இடமில்லை. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒரு ஜூன் மாதம் நான்கு பிள்ளைகளை “அடுத்த வாரம் வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு பேர் வரவே இல்லை. அவர்கள் வந்து கேட்டதற்கு என் அலுவலகத்தில் ஒரு வரிகூட இல்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உங்கள் விண்ணப்பத்தின் நகல் அந்த ஒரு வரி.

இதற்கிடையில் மகளை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். எட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இடமுள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. பக்கத்தில் இடம் கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம். நடுநிலைப் பள்ளியில் டிசி வாங்கியவுடன் அவள் பெயர், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் ‘காமன் பூல்’ எனப்படும் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். வேறொரு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே நிற்கும். பதினான்கு வயதுப் பெண் அப்படி நான்கு மாதம் நின்றால் அடுத்து வேலைக்கோ கல்யாணத்துக்கோ பேச்சு ஆரம்பித்துவிடும். தொழில் நகரங்களில் இது சாதாரணமாக நடக்கிறது.

உங்கள் மகளோடு எட்டு முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு ஒன்பதில் இடம் கிடைத்தது என்று நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அந்த எண்ணிக்கையோடு, பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கோரி, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஊராட்சி எல்லைக்குள் என்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் அதையே வையுங்கள். இடம், கட்டடம், நிதி என்று அது வர வருடங்கள் ஆகும், உங்கள் மகளுக்கு உதவாது. தெருவில் இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு உதவும். மகளுடைய சேர்க்கையை மட்டும் ஆகஸ்ட் 1க்கு முன்பே முடித்துவிடுங்கள். அன்று எண்ணும்போது அவள் பெயர் ஏதாவது ஒரு அரசுப் பள்ளியின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.