பாலை விட்டால் கல் வராதா?

சிறுநீரகக் கல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இருந்து என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். என் துறை உயிர்வேதியியல், நான் மருத்துவர் இல்லை. அதனால் தனிப்பட்ட ரிப்போர்ட்டுகளைப் பார்த்து மருந்து சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேடம், எனக்கு வந்தது கால்சியம் ஆக்சலேட் கல். பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. மருத்துவர் வேறு காரணத்துக்காக நிறுத்தச் சொல்லியிருந்தால் தவிர, மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள். கல்லில் கால்சியம் இருக்கிறது, எனவே கால்சியத்தைக் குறை என்றுதான் மருத்துவர்களே ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். 1993-இல் அமெரிக்க ஆய்வாளர் கேரி கர்ஹன் குழு 45,619 ஆண்களை நான்கு ஆண்டுகள் கவனித்து வெளியிட்ட கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. காரணம் குடலில் இருக்கிறது. சாப்பாட்டோடு போகும் கால்சியம், கீரை போன்ற உணவுகளில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளை அங்கேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். பிடிக்க ஆள் இல்லாத ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்து சேரும்.

வெறுமனே கவனித்ததை வைத்து முடிவு செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு 2002-இல் விடை வந்தது. இத்தாலியில் போர்கி குழு, கல் திரும்பத் திரும்ப வரும், சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும் 120 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த உணவு. மறுபாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சிப் புரதமும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் முதல் பிரிவில் 23 பேருக்குக் கல் திரும்பியது, இரண்டாவதில் 12 பேருக்கு. பாலைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உப்பைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் என் வருத்தம். உப்பிலுள்ள சோடியம் சிறுநீரில் அதிகமாக வெளியேறும்போது கால்சியத்தையும் கூடவே இழுத்துப் போகும்.

கேள்வி: அப்போ கால்சியம் மாத்திரையும் நல்லதா?

அப்படிச் சொல்ல முடியாது. 1997-இல் கர்ஹன் குழு பெண்களிடம் செய்த ஆய்வில், உணவுக் கால்சியம் ஆபத்தைக் குறைத்தது, மாத்திரை எடுத்தவர்களுக்கோ சற்றுக் கூடியது. வெறும் வயிற்றில் போடும் மாத்திரைக்குப் பிடிப்பதற்கு ஆக்சலேட் அங்கே இருக்காது. எலும்புக்காக மாத்திரை தேவைப்பட்டால், அதைச் சாப்பாட்டோடு எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும்?

குடிப்பதைவிட வெளியேறுவதைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். முதல்முறை கல் வந்த 199 பேரிடம் போர்கி 1996-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் தண்ணீர் குடித்த பிரிவில் 12 பேருக்கும், மற்றதில் 27 பேருக்கும் ஐந்து ஆண்டுகளுக்குள் கல் திரும்பியது. இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

கேள்வி: கல் சிறுநீரில் மிதந்துகொண்டே வளருமா?

பலருக்கு அது ஒட்டிக்கொண்டு வளர்கிறது. 1937-இல் அலெக்சாண்டர் ராண்டல், சிறுநீரகத்தின் உள்நுனிகளில் வெண்மையான படிவுகளைக் கண்டு, கல்லுக்கு அதுதான் அடித்தளம் என்றார். அந்தப் படிவு கால்சியம் பாஸ்பேட். அதன்மேல் ஆக்சலேட் அடுக்கடுக்காகச் சேரும். படிவு எங்கே தொடங்குகிறது என்பது 2003-இல்தான் தெளிவானது: சிறுநீரக நுண்குழாயில் ஹென்லே வளைவு எனப்படும் வளைந்த பகுதியின் மெல்லிய குழாயைச் சுற்றியுள்ள அடிச்சவ்வில் (குழாயின் செல்களைத் தாங்கும் மெல்லிய படலத்தில்).

கேள்வி: எலுமிச்சைச் சாறு கல்லைக் கரைக்குமா?

கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்காது. அதிலுள்ள சிட்ரேட் புதுக் கல் உருவாவதைத் தடுக்க உதவலாம். யூரிக் அமிலக் கல் வேறு வகை. சிறுநீரின் அமிலத்தன்மையை மருந்தால் குறைத்தால் அது கரையக்கூடும். அதனால்தான் வெளியே வந்த கல்லைத் தூக்கி எறியாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. இரண்டு முறை கல் வந்துவிட்டது. நான் கொடுத்த சாப்பாடுதான் காரணமோ என்று தூக்கமே வரவில்லை.

அம்மா, உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் கல் திரும்ப வந்தால் முதலில் பரம்பரைக் காரணத்தைத்தான் தேட வேண்டும். அதில் ஒன்று, கல்லீரலில் ஏஜிடி என்ற நொதி சரியாக வேலை செய்யாமல், உடலே ஆக்சலேட்டை அளவுக்கு மீறித் தயாரிப்பது. சாப்பாட்டை மாற்றி அதை நிறுத்த முடியாது. சிலருக்கு வைட்டமின் பி6 பலன் தரும். 2020 முதல் லுமாசிரான் என்ற ஊசி மருந்தும் இருக்கிறது. இது மிக அரிய நோய், உங்கள் பையனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே செயலிழக்கலாம். குழந்தைகள் சிறுநீரக நிபுணரிடம் போய், சிறுநீரில் ஆக்சலேட், சிஸ்டின் (இன்னொரு பரம்பரைக் கல் நோயில் கூடும் அமினோ அமிலம்) இரண்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.