பிரான்ஸ்ல திராட்சைத் தோட்டம் வழியா மூணு நாள் சைக்கிள் ஓட்டணும்னா எந்த ரூட் நல்லா இருக்கும்?

மூணு நாள் தான் இருக்கு, செங்குத்தா மலை ஏற முடியாது, தோட்டமும் பாக்கணும் பழைய இடங்களும் பாக்கணும், போர்டோ பக்கம் போறதா லுவார் பக்கம் போறதான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணாம், பர்கண்டி போங்கன்னு தான் நான் சொல்வேன். நான் லியோன்ல ஏழு வருஷமா இருக்கேன், இங்கருந்து ரயில் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள அங்க இறங்கிடலாம், இந்த ரூட்ட மட்டும் நாலு தடவ ஓட்டியாச்சு, ரெண்டு தடவ தனியா, ரெண்டு தடவ மனைவியோட.

போன்னு ஒரு ஊர்ல ஆரம்பிச்சு (கையில வச்சிருக்கோமே அந்த போன் மாதிரியே சொன்னா இங்க புரிஞ்சுப்பாங்க) க்ளூனில முடிங்க. மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர். இவ்வளவு தானா, ஒரே நாள்ல அடிச்சிடலாமேன்னு தோணும். ரோடு பைக் வச்சிருக்கவங்க அடிக்கவும் செய்றாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. நானும் முதல் தடவ ஒரே நாள்ல ஓட்டிட்டு வந்தேன், திரும்பி வந்து யோசிச்சா முன் சக்கரமும் ரோடும் தான் ஞாபகம் இருந்துச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி போன்ல ஓத்தெல் தியூன்னு ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கு, அத பாத்துட்டு தான் சைக்கிள்ல ஏறணும். 1443ல பர்கண்டி பிரபுவோட சான்சலரா (தலைமை மந்திரி மாதிரி) இருந்த நிக்கோலா ரோலாங்கிறவரும் அவர் மனைவி கிகோன் த சலாங்கும் ஏழைங்களுக்காக கட்டினது, நூறாண்டுப் போரால ஊரே பஞ்சத்துல கிடந்த நேரம் அது. 1971 வரைக்கும் இங்க நோயாளிங்க இருந்திருக்காங்க, அத படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. நீளமான ஒரே கூடம், ரெண்டு பக்கமும் சிவப்புத் திரை போட்ட கட்டில், படுத்த இடத்துலருந்தே பூசை கேக்கலாம்ங்கிற மாதிரி கடைசில சின்ன கோயில். முற்றத்துல நின்னு மேல பாத்தா பளபளன்னு கலர் ஓடு பாய் பின்னின மாதிரி இருக்கும். இதுக்கும் திராட்சைக்கும் என்ன சம்பந்தம்னா, காலங்காலமா ஜனங்க இந்த ஆஸ்பத்திரிக்கு தோட்டமா எழுதி வச்சிருக்காங்க, அந்த தோட்டத்து ஒயின 1859லருந்து வருஷா வருஷம் நவம்பர்ல ஏலம் விட்டு வர்ற காச தர்மத்துக்கு செலவு பண்றாங்க. அடுத்த ரெண்டு மணி நேரம் நீங்க கடந்து போற வரப்புகள்ல சிலது அப்படி எழுதி வச்ச நிலம் தான்.

போன்லருந்து சாந்தெனே வரைக்கும் 22 கிலோமீட்டர் மாதிரி வரும், வுவா தே வீஞ் அப்படின்னு பேரு, திராட்சைப் பாதைன்னு அர்த்தம். இது சைக்கிளுக்குன்னே போட்ட ரோடு இல்ல, தோட்டக்காரங்க போற சிமெண்ட் பாதை, அதனால டிராக்டர் வந்தா நாம தான் ஒதுங்கணும். அந்த டிராக்டரே வேடிக்கையா இருக்கும், கொடி வரிசைக்கு மேல ரெண்டு பக்கமும் காலை அகட்டி நிக்கிற மாதிரி உயரமா இருக்கும். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலினி மோன்ராஷேன்னு ஊர் ஊரா வரும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு மூணு கிலோமீட்டர் தான். இங்க கொடிய பந்தல் போட்டு மேல படரவிடறதில்ல, இடுப்பு உயரத்துக்கு கம்பி கட்டி வெட்டி வெட்டி வச்சிருப்பாங்க, அதனால சீட்ல உக்காந்தபடியே மொத்த மலைச்சரிவும் தெரியும். இது கார்ல போறவங்களுக்கு கிடைக்காது, அவங்க கீழ மெயின் ரோட்ல போயிடுவாங்க.

மோன்ராஷே கிட்ட கண்டிப்பா இறங்கி நில்லுங்க. எட்டு ஹெக்டேர் தான் அந்த தோட்டம், உலகத்துலயே விலை ஜாஸ்தியான வெள்ளை ஒயின்கள்ல ஒண்ணு இங்கருந்து வருது, சுத்தி ஒரு பழைய கல் சுவர், அவ்வளவு தான். சுவர ஒட்டி ஒரு குறுகல் ரோடு, ரோட்டுக்கு கீழ்ப்பக்கம் இருக்கிற தோட்டத்துக்கு பத்தார் மோன்ராஷேன்னு வேற பேரு, வேற விலை, மேட்டுல இருக்கிறதுக்கு ஷெவாலியே மோன்ராஷே. அதே ஷார்தொனேங்கிற வெள்ளைத் திராட்சைக் கொடி தான், அதே வெயில் தான். ஆனா மேல போகப் போக மண்ணு மெலிசாகி சுண்ணாம்புக் கல்லு தெரியும், கீழ வர வர களிமண்ணு கூடும், தண்ணி நிக்கும். இப்படி துண்டு துண்டா பேர் வச்ச நிலத்துக்கு இங்க க்ளிமான்னு சொல்றாங்க, 1247 க்ளிமா இருக்கு, 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. வயல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் சொல்லி கூப்பிடறது நமக்கு புதுசு இல்ல, ஆனா அந்தப் பேர நூத்துக்கணக்கான வருஷம் மாத்தாம காப்பாத்தி பாட்டில் மேல வரைக்கும் கொண்டு வந்திருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது. சைக்கிள்ல போறப்ப இந்த வித்தியாசம் தொடையிலயே தெரியும், சரிவு கூடறது, ஏத்தத்துல மண்ணோட நிறம் வெளுக்கறது எல்லாம்.

சாந்தெனேல இல்லன்னா பக்கத்துல ஷாஞில ராத்திரி தங்குங்க. மறுநாள் கால்வாய்க்கரை, கனால் து சாந்த்ர், ஷாலோன் வரைக்கும் சமமா போகும், தண்ணி மட்டத்த ஏத்தி இறக்கற லாக் கேட்டுல படகு ஏறி இறங்கறத பாக்கலாம், மத்தபடி சொல்றதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. ஷாலோன் தாண்டி ஜிவ்ரிலருந்து க்ளூனி வரைக்கும் 44 கிலோமீட்டர் பழைய ரயில் பாதை, தண்டவாளத்த எடுத்துட்டு தார் போட்டு 1997ல சைக்கிளுக்கு விட்டாங்க, பிரான்சோட முதல் பச்சைப் பாதை (மோட்டார் வண்டி விடாத பாதை) இது தான். ரயில் போன தடம்ங்கிறதால ஏத்தமே உறைக்காது, உங்களுக்கு ரொம்ப சரியா இருக்கும். ரெண்டாவது ராத்திரிய புக்சில வச்சுக்கோங்க. வழியில கொர்மத்தான்ல அகழி சூழ்ந்த 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒண்ணு இருக்கு, தோட்டத்துக்காகவாவது நிறுத்தலாம்.

சாப்பாடு தண்ணி விஷயம் தான் முக்கியம். கிராமத்துல பன்னெண்டுலருந்து ரெண்டு வரைக்கும் கடை மூடிடுவாங்க, ஞாயிறு மதியத்துக்கு மேலயும் திங்களும் இன்னும் மோசம். ஒரு ஜூலை மாசம் திங்கக்கிழமை எங்ககிட்ட தண்ணி தீந்துபோச்சு, 36 டிகிரி வெயில், திராட்சைத் தோட்டத்துல நிழலே கிடையாது, மனைவிக்கு தலை சுத்த ஆரம்பிச்சிடுச்சு, பேக்கரி மூடி, கஃபே மூடி. ஜன்னல்ல நின்ன ஒரு பாட்டிம்மாகிட்ட கேட்டதுக்கு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் கைய காட்டினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, போய் பாத்தா வாசல்லயே குழாய், பூவுக்கு தண்ணி ஊத்த வச்சிருக்கிறது. அன்னைக்கு அந்த குழாய் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைப்பேன். அதுலருந்து ஊருக்குள்ள போனா முதல்ல கல்லறைத் தோட்டம் எங்கன்னு தான் பாப்போம். குடிக்கக்கூடாதுன்னு 'நோன் பொத்தாபிள்'னு போர்டு இருந்தா மட்டும் விட்டுடுங்க. மே, ஜூன், இல்லன்னா செப்டம்பர் கடைசில வாங்க, ஆகஸ்ட் வேணாம்.

ரோட்ல பயப்பட ஒண்ணும் இல்ல, ஊருக்கு வெளிய நம்மள ஓவர்டேக் பண்றவங்க ஒன்றரை மீட்டர் இடைவெளி விடணும்னு சட்டம் இருக்கு, பெரும்பாலும் விடறாங்க. ஆனா சின்ன ஊர்களுக்குள்ள வலது பக்க சந்துலருந்து வர்ற வண்டிக்கு தான் முன்னுரிமை, அது சந்து மாதிரி கூட தெரியாது, அங்க பிரேக் மேல விரல் இருக்கட்டும். ஒயின் ருசி பாக்கறது எல்லாம் சாயந்தரம் சைக்கிள பூட்டின அப்புறம், குடிச்சிட்டு ஓட்டினா சைக்கிளுக்கும் காருக்கும் ஒரே சட்டம் தான். டயர் 28 இல்லன்னா 32 மில்லிமீட்டர் போடுங்க, அந்த சிமெண்ட் பாதைல உடைஞ்ச இடத்துல சரளைக்கல் கிடக்கும்.

இப்ப க்ளூனி. 910ல ஆரம்பிச்ச மடம், 1088ல இவங்க கட்ட ஆரம்பிச்ச மூணாவது கோயில் 187 மீட்டர் நீளம், ரோம்ல இப்ப இருக்கிற புனித பேதுரு கோயில் எழும்பற வரைக்கும் கிறிஸ்தவ உலகத்துலயே பெருசு. போனீங்கன்னா அது இருக்காது. பிரெஞ்சுப் புரட்சிக்கு அப்புறம் அரசாங்கம் வித்துடுச்சு, வாங்கினவங்க கல்லுக்காக இடிச்சாங்க, இடிச்சு முடிக்கவே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது பத்துல ஒரு பங்கு கூட தேறாது, சிலுவை வடிவக் கோயிலோட தெற்குப் பக்கத்து ஒரு கையும் எண்கோண மணிக்கூண்டும் தான். முன்னாடி வாசல் இருந்த இடத்துல தூண் அடிக்கட்டை தெரியும், அங்க நின்னு தூரத்துல அந்த மணிக்கூண்ட பாருங்க, நடுவுல உள்ள வெறும் இடம் முழுக்க ஒரு காலத்துல ஒரே கூரைக்கு கீழ இருந்துச்சு. மூணு நாளா சைக்கிள்ல தூரத்த உடம்பால அளந்துட்டு வந்து நிக்கிறப்ப அந்த நீளம் மனசுல இறங்கும் பாருங்க, பஸ்ல வந்து இறங்கறவங்களுக்கு அப்படி இருக்குமான்னு எனக்கு சந்தேகம் தான். பக்கத்துல சீஸ் கோபுரம்னு ஒண்ணு இருக்கு, அதுல ஏறினா மேலருந்து முழு அளவும் புரியும்.

நாலாவதா அரை நாள் கிடைச்சா மக்கோன் வரைக்கும் ஓட்டி அங்க ரயில் ஏறுங்க, லியோனுக்கு வர்ற பிராந்திய ரயில்ல சைக்கிள ஏத்திக்கலாம், டிஜிவிங்கிற அதிவேக ரயில்னா முன்னாடியே புக் பண்ணணும். அந்த வழியில புவா க்ளேர்னு 1600 மீட்டர் ரயில் சுரங்கம், உள்ள லைட் போட்டிருப்பாங்க, கொளுத்தற வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கும், மேல ஒரு சட்டை கையோட வச்சுக்கோங்க. குளிர்காலத்துல வவ்வால் தூங்கறதுக்காக அத மூடிடுவாங்க, அப்ப வந்தீங்கன்னா மலை மேல ஏறி தான் அந்தப் பக்கம் இறங்கணும்.